விஸ்காம் படிக்கலாமா? ஊடகப் படிப்பும் வேலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கத் தொடங்கும் கேள்விகளுக்கு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. இந்தத் துறையில் பட்டச் சான்றிதழ் மட்டும் யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. மூன்று ஆண்டில் நீங்கள் செய்து முடித்த வேலைகளைத்தான் காட்டச் சொல்வார்கள். கீழே உள்ள பதில்கள் பலவும் அதைச் சுற்றியே வரும்.

விஸ்காம், இதழியல், எலக்ட்ரானிக் மீடியா: மூன்றும் ஒன்றுதானா?

முதலாம் ஆண்டுப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். பிறகுதான் பாதை பிரியும். விஸ்காம் என்று எல்லோரும் சொல்லும் பி.எஸ்சி. காட்சித் தொடர்பியலில் ஓவியம், புகைப்படம், வரைகலை, ஒளிப்பதிவு, எடிட்டிங், விளம்பரம் ஆகியவற்றுக்கு எடை அதிகம். பி.ஏ. இதழியலில் செய்தி எழுதுதல், செம்மையாக்கம், ஊடகச் சட்டம், அரசியல் ஆகியவற்றுக்கு எடை அதிகம். எலக்ட்ரானிக் மீடியா என்ற பெயரில் வரும் படிப்புகள் வானொலி, தொலைக்காட்சி, ஒலிப்பதிவு பக்கம் சாயும்.

பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள் நடத்தும் பாடத்திட்டம் வெவ்வேறாக இருக்கும், தன்னாட்சிக் கல்லூரிகளில் இன்னும் கூடுதலாக. கல்லூரி இணையதளத்திலிருந்து ஆறு பருவத்துக்குமான பாடத்திட்டத்தை இறக்கி, செய்முறைத் தாள்கள் எத்தனை, எழுத்துத் தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருக்க வேண்டும்?

பி.எஸ்சி. என்று இருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகள் எல்லாக் குரூப் மாணவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையவழி விண்ணப்பம் போதும். அங்கே விஸ்காம் நடத்தும் இடங்கள் குறைவு. தனியார் கல்லூரிகளில் இது பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் வரும், அதனால் அதே கல்லூரியின் உதவிபெறும் பிரிவுகளைவிடக் கட்டணம் கூடும். சில கல்லூரிகள் மதிப்பெண்ணோடு ஒரு திறனறித் தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன. படம் ஒன்றைக் காட்டி எழுதச் சொல்வது, ஒரு பொருளுக்கு விளம்பரம் வரையச் சொல்வது, அன்றைய நாளிதழிலிருந்து கேட்பது வழக்கம். ஓவியம் வராது என்று பயப்பட வேண்டாம். கோடு அழகாக இருக்கிறதா என்பதைவிட யோசனை தெளிவாக இருக்கிறதா என்றே பார்ப்பார்கள்.

எந்தக் கல்லூரி நல்லது?

சென்னையில் லயோலா, எம்.ஓ.பி. வைஷ்ணவ, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல், மதுரையில் அமெரிக்கன், பாளையங்கோட்டையில் தூய சவேரியார் என்று பலரும் சொல்லும் பெயர்கள் உண்டு. ஆனால் உங்கள் மதிப்பெண்ணுக்கும் வசதிக்கும் கிடைப்பது வேறு கல்லூரியாக இருக்கலாம். அப்போது நேரில் போய்க் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறோம்.

முதலில் கருவிகளின் எண்ணிக்கை. வகுப்பில் அறுபது பேர், வேலை செய்யும் கேமரா ஐந்து என்றால் ஒரு கேமராவுக்குப் பன்னிரண்டு பேர். வாரத்தில் மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பில் உங்கள் கைக்குக் கேமரா வருவது கால் மணி நேரம். அடுத்து, கேமராவை வார இறுதியில் வெளியே எடுத்துப்போக அனுமதி உண்டா, அதற்கு யார் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் விலையுயர்ந்த கருவிகள் பூட்டிய அலமாரியில் ஆய்வுக் குழு வரும் நாளுக்காகக் காத்திருக்கின்றன. இருபது கேமராவைப் பூட்டி வைத்திருக்கும் கல்லூரியைவிட, ஐந்து கேமராவை மாலை ஆறு மணிக்கும் கொடுக்கும் கல்லூரி மேல்.

அதன்பின் சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் எடுத்த குறும்படம் இரண்டையும் அவர்கள் நடத்திய மாணவர் இதழையும் காட்டச் சொல்லுங்கள். படத்தில் ஒலி தெளிவாகக் கேட்கிறதா, இதழில் ஒற்றுப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர்கள் திருத்துகிறார்களா என்பது அதிலேயே தெரியும். சமுதாய வானொலி இருந்தால் பெரிய வரவு. இந்தியாவில் கல்லூரி வளாகச் சமுதாய வானொலிக்கு வழிகாட்டியது அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், 2004 பிப்ரவரியில் தொடங்கியது. அப்படி ஒரு நிலையத்தில் வாரம் ஒரு நிகழ்ச்சி தயாரிக்கும் மாணவருக்குக் கெடு என்றால் என்ன என்பது முதலாண்டிலேயே புரிந்துவிடும்.

கோட்பாட்டுப் பாடங்களால் என்ன பயன்?

முதல் பருவத்திலேயே அமெரிக்க அரசியல் அறிஞர் லாஸ்வெல்லின் 1948ஆம் ஆண்டுச் சூத்திரம் வரும்: யார், என்ன, எந்த ஊடகம் வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்? தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள். அதே ஐந்து கேள்விகளை வைத்துத்தான் விளம்பர நிறுவனத்தில் வாடிக்கையாளர் தரும் பிரீஃப் (வேலைக் குறிப்பு) எழுதப்படுகிறது. 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்கோம்ஸ், ஷா இருவரும் வெளியிட்ட ஆய்வு, எதைப் பற்றி யோசிப்பது என்பதை ஊடகம் எப்படித் தீர்மானிக்கிறது என்று காட்டியது. ஒரு வாரம் மாலைச் செய்தியின் முதல் ஐந்து தலைப்புகளை நான்கு சேனல்களில் குறித்து வைத்து ஒப்பிட்டால் அந்தக் கோட்பாடு கண்முன் நிற்கும். இப்படிச் சோதித்துப் படித்தவர்களுக்கு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் புதிதாகப் படிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

சேர்ந்ததும் கேமராவும் லேப்டாப்பும் வாங்கிவிட வேண்டுமா?

முதல் ஆண்டு கேமரா வேண்டாம். கைபேசியில் மேனுவல் முறை தரும் செயலி ஒன்றைப் போட்டு ஷட்டர் (ஒளி நுழையும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வெண்சமநிலை (நிறச் சமன்) மூன்றையும் கையால் மாற்றிப் பழகுங்கள். ஒளிப்பதிவுதான் என் வழி என்று இரண்டாம் ஆண்டு முடிவில் உறுதியானால் அப்போது வாங்கலாம். கடன் வாங்கி முதல் மாதமே கேமரா வாங்கிய மாணவர்களில் பலர் பிறகு எழுத்துப் பக்கமோ வடிவமைப்புப் பக்கமோ போய்விடுகிறார்கள். தேவைப்படும் நாளுக்கு வாடகைக்கு எடுக்கச் சென்னை, கோவை, மதுரை எல்லா ஊரிலும் கடைகள் உண்டு. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வாங்கும்போதே லென்ஸின் முன்கண்ணாடியில் கீறல் உண்டா, பேட்டரி எத்தனை என்று பார்த்துக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் தகராறு இதனாலேயே தவிரும்.

லேப்டாப் தேவைதான். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மூன்று ஆண்டும் ஓடும். 8 ஜிபியில் எடிட்டிங் செய்ய முடியாது என்பதில்லை, பிராக்ஸி கோப்புகள் (தரம் குறைத்த தற்காலிக நகல்கள்) உருவாக்கிக்கொண்டு செய்ய வேண்டும். எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது சேமிப்பிடத்தை. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுக்கும். இறுதியாண்டுப் படத்துக்கு எட்டு மணி நேரம் எடுத்தால் 360 ஜிபி. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும்: ஒன்று வேலைக்கு, ஒன்று நகலுக்கு. இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

மாணவர் படங்களில் வழக்கமாக எது கெடுகிறது?

ஒலி. கேமராவிலேயே உள்ள மைக்கை நம்பி எடுப்பதுதான் காரணம். பேசுபவர் ஆறடி தள்ளி இருந்தால் மின்விசிறிச் சத்தமும் தெரு ஹாரனும்தான் முன்னால் நிற்கும். சட்டையின் இரண்டாவது பொத்தான் உயரத்தில் காலர் மைக்கைக் குத்தி, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, ஒலி மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் துள்ளும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும், எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை நிரப்ப எடிட்டிங்கில் அது தேவைப்படும். காதில் ஹெட்போன் இல்லாமல் பதிவு பொத்தானை அழுத்தவே கூடாது.

அடுத்தது திரையில் ஓடும் கறுப்புப் பட்டைகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். விநாடிக்கு 30 பிரேம், 1/60 ஷட்டர் என்று கேமரா இருந்தால் அந்தத் துடிப்பு பட்டையாகத் தெரியும். கேமராவை ‘பால்’ (PAL) என்ற காட்சி முறைக்கு மாற்றி, 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் போய்விடும்.

மூன்றாவது நமக்கே உரிய சிக்கல்: தமிழ் எழுத்து. டைட்டிலில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும், கால் தனியே நிற்கும். மென்பொருளின் எழுத்து இயந்திரம் தெற்காசிய மொழிகளுக்கு மாறாமல் இருப்பதே காரணம். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் முன்விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரீமியரில் கிராபிக்ஸ் முன்விருப்பத்தில் ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு புதிதாக உருவாக்கும் எழுத்துப் பெட்டியில்தான் சரியாக வரும். இது தெரியாததால்தான் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைவிட்டு வர மறுக்கிறார்கள். அவற்றில் அடித்த உரை யுனிகோடு அல்ல, இணையத்தில் தேடினால் கிடைக்காது, வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கும். முதல் மாதத்திலேயே தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகிவிடுங்கள்.

தமிழ் நன்றாக எழுத வேண்டுமா? ஆங்கிலம் போதாதா?

தமிழ் ஊடகத்தில் வேலை வேண்டுமென்றால் இதைவிட முக்கியமான திறன் வேறில்லை, இதைவிடக் குறைவாகப் பயிற்சி தரப்படும் திறனும் வேறில்லை. எடிட்டிங் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள். பிழையின்றி, சுருக்கமாக, காதில் கேட்டவுடன் புரியும்படி தமிழில் எழுதுகிறவரைத் தேடித்தான் செய்திப் பிரிவுகள் அலைகின்றன.

தினமும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று: மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பு ஒன்றை எடுங்கள். முதலில் நாளிதழுக்கு 150 சொற்களில் எழுதுங்கள். பிறகு தொலைக்காட்சி வாசிப்புக்கு 50 சொற்களில். பிறகு கீழே ஓடும் டிக்கருக்கு 10 சொற்களில். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். மூச்சுத் திணறும் இடத்தில் வாக்கியம் நீளம் என்று பொருள். ‘நடத்தப்பட உள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்பது ‘நடக்கும்’ என்று மாறும்வரை வெட்டுங்கள்.

ஆங்கிலமும் தேவை. ஏஜென்சி செய்தி ஆங்கிலத்தில் வரும், பத்து நிமிடத்தில் தமிழாக்க வேண்டியிருக்கும். அதில் எண்ணில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. இதை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்வது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. ஊர்ப் பெயர்களையும் ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பி எழுதக்கூடாது, அந்த ஊர்க்காரரைக் கேட்டே எழுத வேண்டும்.

செய்திச் சேனலில் என்னென்ன வேலைகள் உண்டு?

ஆங்கரும் செய்தியாளரும்தான் வெளியே தெரிவார்கள். உள்ளே இன்புட் டெஸ்க் மாவட்டங்களிலிருந்து செய்தியும் காட்சியும் வாங்கும். அவுட்புட் டெஸ்க் அவற்றை எழுதிச் செம்மையாக்கி, புல்லட்டினில் எது முதலில் என்று ரன்டவுன் போடும். பேனல் புரொடியூசர் கண்ட்ரோல் அறையில் அமர்ந்து ஆங்கரின் காதுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். இவர்களைத் தவிர வீடியோ எடிட்டர், கிராபிக்ஸ், விவாத நிகழ்ச்சிக்கு விருந்தினர் பிடிப்பவர், சமூக ஊடகக் குழு.

புதிதாக வருபவரைப் பெரும்பாலும் டெஸ்கில்தான் போடுவார்கள். டிக்கர் அடிப்பதில் தொடங்கும். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஆறு மாதம் டிக்கர் எழுதியவருக்குச் செய்தியின் சாரத்தைப் பிடிக்கத் தெரிந்திருக்கும். ஷிப்ட் முறை உண்டு, அதிகாலையும் இரவும் வரும். வேலை ஆணை வாங்கும்போது வார விடுப்பு, இரவு ஷிப்டுக்கு வாகன வசதி, பி.எஃப்., பயிற்சிக் காலம் எத்தனை மாதம் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். மாவட்டங்களில் ஸ்ட்ரிங்கராக (பகுதிநேரச் செய்தியாளராக) சேர்ந்தால் பல இடங்களில் மாதச் சம்பளம் இருக்காது, அனுப்பும் செய்திக்குத்தான் பணம். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம்.

விஸ்காம் படித்தால் சினிமாவுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் பட்டம் அங்கே நுழைவுச் சீட்டு அல்ல. உதவி இயக்குநர் வேலை தெரிந்தவர் மூலமும், காட்டும் குறும்படத்தின் மூலமும்தான் கிடைக்கிறது. தொடக்கத்தில் பேட்டா மட்டுமே கிடைக்கும் படங்கள் உண்டு, இரண்டு படங்களுக்கு நடுவில் வருமானமே இல்லாத மாதங்களும் உண்டு. பெப்சி என்று அழைக்கப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சங்கம் இருக்கிறது. உறுப்பினர் அட்டைக்கான விதியையும் கட்டணத்தையும் நீங்கள் போக விரும்பும் சங்கத்திலேயே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பின்தயாரிப்பு வேலைகளை மாணவர்கள் போதுமான அளவு கவனிப்பதில்லை. வண்ணச் சீரமைப்பு, ஒலி வடிவமைப்பு, விஎஃப்எக்ஸ், சப்டைட்டில் ஆகியவற்றில் ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கின்றன. சினிமாதான் என்று பிளஸ் டூவிலேயே உறுதியாக இருந்தால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனத்தின் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்புகளைப் பாருங்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் என்று துறைவாரியாக நடக்கின்றன. அரசுக் கட்டணம், இடங்கள் மிகக் குறைவு. பட்டம் முடித்தபின் என்றால் 1960இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனமும் இருக்கின்றன.

ஊடகம், சினிமா தவிர வேறு வேலைகள்?

நிறைய. விளம்பர நிறுவனங்களில் விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டர், வடிவமைப்பாளர், வாடிக்கையாளர் தொடர்பு, விளம்பரத்தை எந்த ஊடகத்தில் எப்போது போடுவது என்று திட்டமிடும் மீடியா பிளானிங். மக்கள் தொடர்பு நிறுவனங்கள். மருத்துவமனைகளும் துணிக்கடைகளும் கட்டுமான நிறுவனங்களும்கூட இன்று சொந்தமாக வீடியோக் குழு வைத்திருக்கின்றன. தொண்டு நிறுவனங்களில் களப்பணியை ஆவணப்படுத்தும் வேலை. சென்னை, கோவை மென்பொருள் நிறுவனங்களில் மென்பொருளைப் பயன்படுத்தும் முறையை எழுதும் டெக்னிக்கல் ரைட்டர், செயலித் திரைகளில் வரும் வாசகங்களை எழுதும் யுஎக்ஸ் ரைட்டர், இணையவழிப் பாடம் வடிவமைப்பவர். இந்தக் கடைசிப் பிரிவில் சம்பளம் சீராகவும் வேலை நேரம் ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஒரு செயலியைப் பயன்படுத்தும் முறையைப் பத்துப் படிகளில், ஸ்கிரீன்ஷாட்டுகளோடு, ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பிடித்திருந்தால் அதுவே உங்கள் முதல் மாதிரி.

அரசு வேலைக்கு இந்தப் பட்டம் செல்லுமா?

ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்று கேட்கும் டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகள் எல்லாவற்றுக்கும் செல்லும். இந்தியத் தகவல் பணிக்குக் குடிமைப் பணித் தேர்வு வழியே போகலாம். மாநில அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறைப் பணிகளுக்கு அறிவிப்பு வரும்போது இதழியல் தகுதி எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று வரிக்கு வரி படியுங்கள். பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம். இது பள்ளிப் பாடம் அல்ல என்பதால் பி.எட். வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

கல்லூரி ஆசிரியராக, முதுநிலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியும் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு. நெட்டில் இதழியல் பாடத்தின் எண் 63. இரு தாளும் சேர்ந்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிப்பு இல்லை. அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

செய்தியாளராக வேண்டும் என்றால் இளநிலையிலேயே இதழியல் படிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. முதுநிலை இதழியலில் எந்தப் பட்டதாரியையும் சேர்ப்பார்கள். பொருளாதாரம், சட்டம், வேளாண்மை, தமிழ் இலக்கியம் என்று ஏதேனும் ஒன்றை மூன்று ஆண்டு ஆழமாகப் படித்துவிட்டு இதழியலுக்கு வருவது நல்ல வழி என்பதே எங்கள் கருத்து. பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்த செய்தியாளர் எந்தச் செய்தி அறையிலும் குறைவு. 1947இலேயே இதழியல் கற்பிக்கத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்கள், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் முதுநிலை உண்டு. தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரி முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது, பயிற்சி கடுமை, கட்டணமும் அதிகம், உதவித்தொகை பற்றி விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு 1965இல் தொடங்கிய ஐஐஎம்சிக்கு (இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம்) கோட்டயத்திலும் வளாகம் இருக்கிறது.

சட்டம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

வேலையில் சேர்ந்த முதல் நாளே தவறு செய்யாத அளவுக்கு. பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். பெயரைப் போடாமல் ஊர், பள்ளி, தந்தையின் தொழில் மூன்றையும் போட்டாலும் அடையாளம் வெளிப்பட்டதுதான். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைக் காட்டுவதும் அப்படியே. அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. இணையத்தில் கிடைத்த படம் இலவசம் என்று நினைப்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானது.

பயன்படுத்தக் கற்க வேண்டிய சட்டமும் ஒன்று உண்டு: தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தத் தெருவுக்கு 2023–24இல் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, பணி ஆணையின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். மாணவராக இருக்கும்போதே ஒரு மனு போட்டுப் பழகுங்கள்.

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலைகள் இருக்குமா?

பேட்டியை எழுத்தாக்குவது, முதல் வரைவு, எளிய போஸ்டர் போன்ற வேலைகளில் ஆள் தேவை குறைகிறது. இடத்துக்குப் போய்ப் பார்ப்பதும், ஆவணம் வாங்குவதும், கேட்டதைச் சரிபார்ப்பதும் மனிதரிடமே இருக்கின்றன. தானியங்கி எழுத்தாக்கம் தமிழ்ப் பெயர்களிலும் வட்டார வழக்கிலும் இன்னும் தவறுகிறது. அதைப் பயன்படுத்துங்கள், ஒலியோடு ஒப்பிடாமல் வெளியிடாதீர்கள்.

இன்டர்ன்ஷிப் எப்படிப் பிடிப்பது?

ஏப்ரல், மே மாதங்களில் எல்லாக் கல்லூரிகளும் ஒரே நேரத்தில் கேட்கும். ஜனவரியிலேயே எழுதுங்கள். மின்னஞ்சல் ஆறு வரிக்கு மேல் வேண்டாம்: யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவில், என்ன தெரியும், இரண்டு மாதிரிகளின் இணைப்பு. எழுத்தில் ஆர்வம் இருந்தால் விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டத்துக்குப் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பெரிய பெயருள்ள இடத்தில் ஒரு மாதம் வேடிக்கை பார்ப்பதைவிட, சிறிய இடத்தில் பெயரோடு ஐந்து செய்தி வெளிவருவது பயன். கடைசி நாளன்று சான்றிதழோடு, நீங்கள் செய்த வேலைகளின் நகலையும் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் (வேலை மாதிரித் தொகுப்பில்) என்ன இருக்க வேண்டும்?

காட்சி வேலை என்றால் 60 முதல் 90 விநாடி ஷோரீல், அதாவது சிறந்த காட்சித் துண்டுகளைக் கோத்த வீடியோ. சிறந்த காட்சி முதல் ஐந்து விநாடியில் வர வேண்டும், பார்ப்பவர் அதற்குள் மூடிவிடக்கூடும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அதில் உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள்: ஒளிப்பதிவா, எடிட்டிங்கா, இரண்டுமா. குழுவாக எடுத்த படத்தை முழுதும் தன் வேலை என்று காட்டிய இரண்டு நண்பர்கள் ஒரே நிறுவனத்துக்கு விண்ணப்பித்து மாட்டிக்கொள்வது நடக்கிறது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், பதிப்புரிமைப் புகாரில் வீடியோவே முடங்கும். எழுத்து வேலை என்றால் ஐந்து மாதிரிகள் போதும்: ஒரு செய்தி, ஒரு பேட்டி, ஒரு நீள்கட்டுரை, ஒரு மொழிபெயர்ப்பு மூலத்தோடு, ஒரு விளம்பர வாசகத் தொகுப்பு. பிடிஎஃப் கோப்பு 10 எம்பிக்குள் இருக்கட்டும், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். கூகுள் டிரைவ் இணைப்பு அனுப்பினால் அனுமதி திறந்திருக்கிறதா என்று வேறொருவர் கைபேசியில் திறந்து பார்த்தபின் அனுப்புங்கள். கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் எதையும் வைக்க வேண்டாம், படிப்பு முடிந்த சில மாதங்களில் அந்தக் கணக்கை மூடிவிடக்கூடும், அதிலிருந்த வேலைகளும் அதோடு போய்விடும்.